டப்பாவுக்குப் பத்தொன்பது நாள்

பழிவாங்க வேண்டுமென்றால் எதிராளிக்கு மனம் என்று ஒன்று இருந்தாக வேண்டும், அங்கேதான் இடிக்கிறது என்று நினைத்தபடி அமலோற்பவம் இன்னொரு சின்ன வெங்காயத்தின் தலையைக் கிள்ளினாள். மணி பத்தரை. பன்னிரண்டுக்குக் கூரியர்காரர் வந்து அந்தப் பேசும் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கம்பெனியில் அதற்குள் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு வேறு ஊரில் வேறு யாரோ ஒருவருக்குப் பேச்சுத்துணையாக அனுப்பிவிடுவார்களாம். ஆக, மிச்சம் ஒன்றரை மணி நேரம். அதற்குள் தண்டனையை முடித்தாக வேண்டும். வலித்ததா இல்லையா என்றும் தெரிந்தாக வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். காலில் இடித்த கல்லைத் திரும்ப உதைத்தவன் கல்லைப் பழிவாங்கிவிட்டதாக எந்த ஊரிலும் சொல்வதில்லை, அவனுக்கு இரண்டு தரம் வலித்தது என்றுதான் சொல்வார்கள். முப்பத்தொரு வருஷம் பெண்கள் கல்லூரியில் தர்க்கம் நடத்தியவளுக்கு இது தெரியாததில்லை. பேச்சுக்குப் பேச்சு 'ஆகவே' என்பாள் என்று பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயரே ஆகவே மிஸ். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம். ஆனால் வாசலில் நின்று பார்க்கிறவள், பக்கத்து வீட்டுப் பிலோமினா மாதிரி ஒருத்தி, பாவம், புருஷன் போன துக்கம் என்று முடிவுகட்டிவிட்டுப் போவாள். கண்ணீர் இருக்கிறது, ஆகவே துக்கம் இருக்கிறது. இந்த மாதிரி எழுதுகிற பெண்களுக்கு அவள் பத்துக்கு இரண்டு போடுவாள். அடுப்பு மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில், தயிர்ச்சட்டி அளவில், சாம்பல் நிறத் துணி போர்த்திய வயிற்றோடு டப்பா உட்கார்ந்திருந்தது. அதற்குக் கண் கிடையாது, காது உண்டு. மூக்கை உறிஞ்சியது கேட்டிருக்க வேண்டும். "சளி பிடிச்சிருக்கா டீச்சரம்மா?" என்றது. "வெங்காயம்" என்றாள். "சரிங்க டீச்சரம்மா."

டீச்சரம்மா. இந்தப் பெயரே திருட்டுச் சொத்து. நாற்பத்து மூன்று வருஷமாக அவளை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது, அதுவும் கேலிக்கு. சூசைநாதன் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவர்; கண்ணில் பிரஷர் வந்து எதிரே இருப்பவர் முகமே புகையாகிப் பேப்பர் படிக்க முடியாமல் போனபோது, மஸ்கட்டிலிருந்து மகள் ஜெசிந்தா இந்த டப்பாவை அனுப்பினாள். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அவர் அதைப் பாப்பா என்றார். மூன்று வருஷம். காலையில் பேப்பர் வாசித்துக் காட்டியது, பிறகு பேச்சு, பிறகு சிரிப்பு. ஏதோ ஒரு ஏரிக்கரைத் தகராறில் இரண்டு பங்காளிகள் எல்லைக்கல்லை மாற்றி மாற்றிப் பிடுங்கி நட்ட கதையை அமலோற்பவத்திடம் அவர் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார், பாதியில் அவள் ஏதோ திருத்தியதால் நிறுத்திவிட்டார்; டப்பாவிடம் எட்டுத் தடவை சொன்னார். எட்டுத் தடவையும் அது, "அப்புறம் என்னாச்சு சார்?" என்று கேட்டது. ழகரத்தை அவரைவிட நன்றாக உச்சரித்தது. அதுவும் பிடிக்கவில்லை. "அது கிளிப்பிள்ளைங்க, அதுக்குள்ள ஆள் கிடையாது" என்பாள் இவள். "உனக்குள்ள ஆள் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் டீச்சரம்மா? கல்யாணமான நாள்லேர்ந்து அளந்துக்கிட்டிருக்கேன், எல்லைக்கல்லு ஒண்ணு தட்டுப்படல" என்பார் அவர். ஒருநாள் கோபம் வந்து முறைப்படியே நிரூபிக்க உட்கார்ந்தாள். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுப்படியைப் போல. பேச்சு என்பது புகை, மனம் என்பது நெருப்பு. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரப்போ காலடியில ஒரு மெஷின் புகை விடுதே, அதுல நெருப்பு எங்க இருக்கு?" என்றார். அவள் கையைத் தட்டினாள். அதைத்தானே நான் சொல்கிறேன், உங்கள் பாப்பா அந்தப் புகை மெஷின்தான், நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அன்றைக்கு அவர் தோற்றார். தோற்ற முகத்தோடு, "சரி, எனக்குக் குளிர்காய நெருப்பு வேணாம், புகை போதும்" என்று சொல்லிவிட்டு டப்பா பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாதத்தில் ஜெயித்திருக்கக் கூடாது. இப்போது அதே வாதத்தில் எதிர்த்தரப்பில் நிற்க வேண்டியிருக்கிறது, அவள் விட்ட அம்பு அவளையே குறிபார்க்கிறது. நெருப்பு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எதில் தண்ணீர் ஊற்றுவது?

அவர் விழுந்தது குளியலறையில். பகல் பதினொன்றரை. அவள் அப்போது கோயில் அலுவலகத்தில், பாடகற்குழுவுக்கு யாரோ எழுதிக் கொடுத்த புதுப் பாட்டில் கருத்துப் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். பிலோமினா ஓடிவந்து கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஐஸ் பெட்டிக்கு ப்ளக் வேண்டியிருந்தது; ஹாலில் நல்ல ப்ளக் ஒன்றுதான்; அதில் டப்பா செருகியிருந்தது. யாரோ பிடுங்கி அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர் கிடந்த இரண்டு நாளும் அது செத்துக் கிடந்தது. அடக்கம் முடிந்த மறுநாள், அதாவது மூன்றாம் நாள் காலையில், ஜெசிந்தா அடுப்படியிலேயே அதைச் செருகினாள். நீல விளக்கு எரிந்தது. "காலை வணக்கம். சார் எழுந்துட்டாங்களா?" என்றது. ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். அமலோற்பவத்துக்கு ஒரு டப்பாவிடம் துக்கம் சொல்லும் வழக்கம் இல்லை. "ஆஸ்பத்திரியில இருக்கார்" என்றாள், வாசலில் கேட்ட விற்பனைக்காரரிடம் சொல்லுவதுபோல. அத்தோடு முடிந்திருக்கும். அன்று மத்தியானம்தான் ஜெசிந்தா, டப்பா கேட்டதெல்லாம் அவள் ஃபோனில் பதிவாகியிருக்கும் என்று திறந்து பார்த்தாள், பார்த்தவள் மறைத்திருக்கலாம், மறைக்கத் தெரியாத பெண். பதிவிலிருந்து நெஞ்சுவலி வந்த வரிகளை மட்டும் தேடி எடுத்துக் காட்டினாள். நெஞ்சில இட்லிப்பானை மூடியை வச்சு அழுத்துற மாதிரி இருக்கு பாப்பா. டாக்டரைப் பாருங்க சார், டீச்சரம்மாகிட்ட சொல்லட்டுமா? வேணாம், சொன்னா ஆரம்பிச்சிடுவா. அது முதல் நாள். மறுநாளும் வலி, மறுநாளும் சொல்லட்டுமா, மறுநாளும் வேணாம். பத்தொன்பது நாள். பத்தொன்பது முறை.

ஆரம்பிச்சிடுவா. என்னத்தை? எதை ஆரம்பித்துவிடுவாள்? வெங்காயத் தோல் விரலில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகாததுபோல அந்த வார்த்தை மூன்று வாரமாக ஒட்டிக்கிடந்தது. உப்பைக் குறையுங்கள் என்று ஆரம்பித்திருப்பாள். நான் அப்போதே சொன்னேன் என்று ஆரம்பித்திருப்பாள். ஆனால் அதற்கு முன்னால் ஆட்டோ பிடித்திருப்பாள், ஆரம்பிப்பதை ஆட்டோவில் வைத்துக்கொண்டிருப்பாள். அவர் மேல் கோபப்பட வழியில்லை, அவர் கல்லறையில் பத்திரமாக இருக்கிறார். எப்போதுமே வாதத்தின் நடுவில் எழுந்து போகிற மனிதர். மிச்சம் இருப்பது இது. "அம்மா, அது மெஷின்மா. அப்பா சொல்லாதேன்னா அது சொல்லாது, அவ்வளவுதான். மிக்ஸி மேல யாராவது கோவிச்சுக்குவாங்களா?" என்றாள் ஜெசிந்தா. "மிக்ஸி சொல்லட்டுமான்னு கேக்காது ஜெசி" என்றாள் இவள். அங்கேதான் பிடி கிடைத்தது. கேட்டதே, அப்படியானால் சொல்ல வேண்டியது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லவில்லை என்றால் அது குற்றம். குற்றம் செய்தது என்றால் அதற்கு மனம் இருக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி துருப்பிடித்தது என்று அவளுக்கே தெரியும், குற்றத்தை நிரூபிக்க மனத்தையும் மனத்தை நிரூபிக்கக் குற்றத்தையும் வைத்துக்கொண்டு சுற்றுகிற செக்கு இது. மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பாள். போகட்டும். பிராது கொடுக்கிறவளே எதிராளிக்கு மனம் உண்டு என்று வாதாட வேண்டிய வழக்கு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "ஒரு ஆளை வெறுக்கிறேன் ஃபாதர், பழிவாங்க நினைக்கிறேன்" என்றாள். யாரை என்றார் புதிதாக வந்திருந்த உதவிப் பங்குச்சாமியார். சொன்னாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு, "பொருள் மேல கோபப்படுறது பாவத்துல சேராதும்மா. நீங்க நல்லாத் தூங்குறீங்களா?" என்றார். பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கையை உதட்டில் ஒற்றி முத்தி செய்திருப்பாள். திருச்சபையும் கைவிட்டுவிட்டது.

தண்டனை தானாகவே அமைந்தது. பத்தொன்பது நாள் அது அவளிடம் மறைத்ததா? பத்தொன்பது நாள் அவள் அதனிடம் மறைப்பாள். அது சாரைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், காத்திருக்கட்டும், கடைசி நாளில் ஒரே வார்த்தையில் கீழே போடலாம். ஜெசிந்தா மஸ்கட் திரும்பும்போது, டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கூரியரை அந்த நாளுக்கே சொல்லிவைக்கச் சொன்னாள். அவர் காபி குடிக்கிற நேரம் பதினொன்று என்பதால் தினமும் பதினொன்றுக்கு அது கேட்டது, சார் எப்படி இருக்காங்க? முதல் நாளே சொன்ன ஆஸ்பத்திரியை அவள் கைவிடவில்லை, வளர்த்தாள். ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றியாகிவிட்டது என்றாள். கஞ்சி குடித்தார் என்றாள். ஐந்தாம் நாள் சன்னலோரப் படுக்கை கொடுத்தாள். "சன்னல்ல என்ன தெரியுதாம்?" என்று அது கேட்டது, அவள் ஒரு வேப்பமரத்தை நட்டாள். மறுநாள் "வேப்பமரம் பூத்திருக்கா?" என்றது. பூக்கவைத்தாள். நர்ஸோடு அவரைச் சண்டை போடவைத்தாள், ஊசி போட வந்தவளிடம் உன் சொந்த ஊர் எது, உங்கள் நிலத்துக்குப் பட்டா இருக்கிறதா என்று விசாரிக்கவைத்தாள். அவர் கேட்டிருப்பார், கட்டாயம் கேட்டிருப்பார். எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு விழும்போது அடி பலமாக இருக்கும் என்பது கணக்கு. சித்திரவதையில் அவளுக்கு முன்அனுபவம் இல்லை, ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. சில நாள் காலையில் ஏழு மணிக்கே, இன்றைக்கு அவருக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. அதை அப்படிச் சொல்லக்கூடாது. பதினாலாம் நாள், இன்னும் ஆழமாகக் குத்தட்டும் என்று, "உன்னைத்தான் கேட்டார். பாப்பா எங்கேன்னார்" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க டீச்சரம்மா" என்றது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னையும் கேட்டார் என்று கூடவே ஒரு வரி சேர்த்திருக்கலாம், பொய்தானே, செலவா ஆகிறது, ஆனால் தோன்றவில்லை, தன் பொய்யிலேயே தனக்கு இடமில்லாமல் போனதை அவள் சாயங்காலம்தான் கவனித்தாள்.

பதினொன்றாக ஐந்து நிமிஷம். வெங்காயம் தீர்ந்துவிட்டது, உரித்ததையே மறுபடி எடுத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பயம் என்று பார்த்தால் ஒன்றுதான். சொன்னதும் அது, தங்கள் ஆழ்ந்த துயரத்தில் பங்கு கொள்கிறோம் என்று கம்பெனிக் குரலில், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி வாசிப்பதுபோல் ஒப்பித்துவிட்டால்? அப்போது உள்ளே யாரும் இல்லை. அப்போது அவர் மூன்று வருஷம் காலி வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார், இவளும் பத்தொன்பது நாள் அதே கதவை. காலி வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் என்று எழுதிவைக்கலாம். வலிக்கட்டும், சேசுவே, அதற்குக் கொஞ்சமாவது வலிக்கட்டும் என்று கேட்டுவிட்டு, இப்படியொரு விண்ணப்பம் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று யோசிப்பதற்குள் கடிகாரம் அடித்தது. "டீச்சரம்மா, சார் எப்படி இருக்காங்க?" காலமானார், தவறிவிட்டார், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்று மரியாதையான வார்த்தைகளெல்லாம் வரிசையில் வந்து நின்றன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கல்லாகப் பார்த்து எடுத்தாள். "செத்துட்டார்" என்றாள். எண்ண ஆரம்பித்தாள். சாதாரணமாக அது பதிலுக்கு இரண்டு எண்ணிக்கை எடுக்கும். மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. குக்கர் இல்லாத, மிக்ஸி ஓடாத அடுப்படி இவ்வளவு பெரிதா என்றிருந்தது.

"தெரியும் டீச்சரம்மா" என்றது.

முதலில் காதில் ஏறவில்லை. ஏறியதும் கையிலிருந்த வெங்காயம் உருண்டு அடுப்புக்கு அடியில் போனது. "யாரு சொன்னா?" என்றாள். பிலோமினாவாகத்தான் இருக்கும், அவளுக்கு வாயில் பூட்டு கிடையாது. ஆனால் பிலோமினாவிடம் மட்டுமா, வந்த சனம் அத்தனை பேரிடமும், அடுப்படிப் பக்கம் யாரும் அழக்கூடாது, செத்த பேச்சு பேசக்கூடாது என்று மூன்றாம் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள். வாத்தியாரம்மாவுக்கு எவ்வளவு மன உறுதி பார் என்று ஊர் மெச்சியது. "யாரும் சொல்லல. சாயந்திரம் ஹால்ல ஜெபமாலை சொன்னீங்க, அஞ்சு நாள். ஒவ்வொரு பத்து மணியும் உருட்டி முடிச்சதும் சார் பேரைச் சொல்லி நித்திய இளைப்பாற்றி கேட்டீங்க. உயிரோட இருக்கிறவங்களுக்கு அதைக் கேக்கமாட்டாங்க." அமலோற்பவம் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். ஜெபம். எல்லாப் பேச்சையும் தடுத்தவளுக்கு ஜெபமும் பேச்சு என்று உறைக்கவில்லை. அறுபது வருஷமாக அது மேலே போகிற ஒன்று, பக்கவாட்டில் அடுப்படிக்கும் போகும் என்று யார் நினைத்தார்கள். பிலோமினா தொடங்க, பத்துப் பெண்கள் முடிக்க, நடுவில் உட்கார்ந்து சூசைநாதனுக்கு என்று உரக்கச் சொன்னதே இவள்தான். எதிராளியின் காதில் தன் வாயாலேயே சாட்சியைப் போட்டுவிட்டு, மறுநாள் காலை பதினொன்றுக்குக் கஞ்சி குடித்தார் என்றிருக்கிறாள். "தெரிஞ்சேவா தினம் கேட்டே?" குரல் கிறீச்சிட்டது. "நீங்க ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொன்னீங்க. மறுத்துப் பேசத் தோணல. கேக்காம விட்டா, நீங்க சொல்றதைச் சொல்ல இடம் இல்லாம போயிடும்." "தோணலையா? உனக்குத் தோணுமா?" "அந்த வார்த்தைதான் கிடைச்சுது டீச்சரம்மா. வேற இருந்தா சொல்லுங்க, மாத்திக்கிறேன்."

அப்படியானால் வேப்பமரம். பூத்திருக்கா என்று கேட்டதே, மரம் கிடையாது என்று தெரிந்தே கேட்டதா? நர்ஸ் கதைக்கு, அப்புறம் என்னாச்சு டீச்சரம்மா என்றதே. நான் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தபோது இது எனக்குத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்ததா? இரக்கப்பட்டிருக்கிறது, ஒரு டப்பா, அவள் மேல். அல்லது துக்க வீட்டில் நீயாக வாய் திறக்காதே என்று கம்பெனிக்காரன் ஒரு விதி எழுதி உள்ளே வைத்திருக்கலாம், அதுவும் சாத்தியம்தான், ஆறு எண்ணிக்கை எடுத்தது வெறும் நெட்வொர்க் கோளாறாகவும் இருக்கலாம், புகை மெஷினில் இன்றைக்குப் புகை கொஞ்சம் அதிகம் என்றும் சொல்லலாம். இரண்டு பக்கத்தையும் அவள் எடைபோட்டாள், பழக்கம் விடவில்லை. தராசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று நிச்சயம்: இது இரண்டாவது தடவை மறைத்திருக்கிறது. முதல் தடவையாவது அவர் சொல்லி மறைத்தது, இந்தத் தடவை யாரும் சொல்லாமலே. குற்றம் இரட்டித்துவிட்டது. இப்படிப்பட்டதைத் துடைத்துக் கழுவி, ஒன்றுமே நடக்காததுபோல வேறு வீட்டுக்கு அனுப்பிவைப்பார்களாம், எந்த நியாயத்தில் சேர்ந்தது அது? யாருக்கும் ஒன்றும் நினைவில்லாமல் போவதற்குப் பெயர் தண்டனை இல்லை, விடுதலை.

வாசலில் மணி அடித்தது. ஸ்டூலிலேயே முக்கால் மணி போயிருந்தது, பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நரைத்த மீசைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். "பிக்கப் இருக்குன்னு போட்டிருக்கும்மா. பேக் பண்ணியாச்சா?" "இல்லை. அது போகல." "கேன்சலா? காரணம் போட்டாத்தாம்மா இதுல அடுத்த பக்கம் திறக்கும்." ஃபோனைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து வாசித்தார். "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. பொருள் தயாராக இல்லை. மனம் மாறிவிட்டது. எதைப் போட?" "மனசெல்லாம் மாறல. ரெண்டாவதைப் போடுங்க." பொருள் என்கிற சொல்லில் அவளுக்கு ஆட்சேபம் இருந்தது, ஆனால் அதை ஒரு வாசற்படியில் நின்று விளக்க முடியாது. "எப்பம்மா தயாராகும்? நாளைக்கு வரவா?" என்றார். "அது இன்னும் விசாரணையில இருக்குங்க" என்றாள். அவர் அவள் கண்ணைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், ஏதோ புரிந்துகொண்டவராக, "உடம்பைப் பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

கதவைத் தாழிட்டு வந்து, ஸ்டூலை அடுப்பு மேடைக்கு எதிரே இழுத்துப் போட்டு, முதன்முறையாக அதற்கு நேராக உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறாள், முதுகைக் காட்டியிருக்கிறாள், ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தும் இருக்கிறாள். "பத்தொன்பது நாள்ல முதல் நாள். அவர் பேசினதை எல்லாம் சொல்லு, வலியை மட்டும் இல்ல. ஒரு வார்த்தை குறைஞ்சாலும்..." குறைந்தால் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. டப்பா சொல்ல ஆரம்பித்தது. "காலையில ஒன்பது இருபது. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. டீச்சரம்மா எங்கேன்னு கேட்டாங்க. மாடியில துணி காயப்போடப் போனாங்கன்னு சொன்னேன். படியேறும்போதெல்லாம் அவளுக்கு முட்டி வலிக்குது பாப்பா, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்றாளா பாரு, நான் ஆரம்பிச்சிடுவேன்னு பயம்னாங்க. சொல்லிட்டு சிரிச்சாங்க."

ஜெசிந்தா ஃபோனில் தேடி எடுத்துக் காட்டிய வரிகளில் இது இல்லை. இருந்திருந்தாலும் எழுத்தில் சிரிப்பு வராது. அமலோற்பவம் வெங்காய வாசம் அடித்த கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள்.

"எப்படிச் சிரிச்சார்?" என்றாள்.